வாரக்குடி ஒருவருடன்

என் அப்பா சட்டவிரோதமானவர் என்ற செய்திக்கு முத்திரை குத்தி, பதிவேட்டில் எழுதி, அவரிடம் கையொப்பமும் வாங்கிக்கொண்டு கொடுத்தவள் நான்தான். எங்கள் ஊர் உப தபாலகத்தில் நான் தபாலதிபர். பதிவுத் தபால் யாருக்கு வந்திருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது என் வேலையில்லை. ஆனால் அப்பாவுக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்து இரண்டு வருடமாகிறது. அவருக்கு வரும் கடிதங்களை நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும்.

கடிதம் மிகவும் மரியாதையானது. ‘தாங்கள்’ என்றுதான் தொடங்கியது. என் அப்பாவை வாழ்நாளில் ஒருவர் ‘தாங்கள்’ என்று விளித்தது அதுவே முதல் தடவை. தாங்கள் எனது கட்சிக்காரரின் ஆதனத்தில் யுத்தத்தின் பின்னர் அத்துமீறிக் குடியேறியிருக்கிறீர்கள், ஆகவே முப்பது நாட்களுக்குள் வீட்டையும் வயலையும் விட்டு வெளியேற வேண்டும் என்று சட்டத்தரணி ஒருவர் எழுதியிருந்தார். கட்சிக்காரர் என்றால் சின்ன ஐயா. கனடாவிலிருந்து வந்து, இரண்டு மாதத்துக்கு முன்னர் எங்கள் முற்றத்தில் நின்று அப்பாவைக் கட்டிப்பிடித்து அழுத அதே சின்ன ஐயா.

நான் வாசித்து முடிக்கும்வரை அப்பா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், சின்ன ஐயா சுகமாக இருக்கிறாராமா என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கடிதத்தை அவர் மடியில் எறிந்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனேன். போட்ட தேத்தண்ணியில் சீனிக்குப் பதிலாக உப்பைக் கொட்டியிருந்தேன். அதையும் அவர் கடைசிச் சொட்டுவரை குடித்தார். அவர் அப்படித்தான்.

இந்தக் கமத்தின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உருத்திரபுரத்தைத் தாண்டி வாய்க்கால் ஓரமாக மேற்கே போனால் வருவது. ஐம்பது ஏக்கர். யாழ்ப்பாணத்தில் கல்வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு ‘வன்னியில எங்களுக்குக் கமம் இருக்கு’ என்று சொல்வதற்கு ஐம்பது ஏக்கர் தாராளமாகப் போதும். அந்தக் காலத்தில் அது முழுக்கக் காடு. காட்டை வாங்கியவர் சின்ன ஐயாவின் தாத்தா. வெட்டியவர் என் அப்பப்பா. வாங்கியவர் ஒரு கையெழுத்துப் போட்டார், வெட்டியவருக்கு இரண்டு விரல் போனது. எல்லாரும் சேர்ந்து உண்டாக்கிய கமம் என்று அந்த வீட்டில் பெருந்தன்மையாகச் சொல்வார்களாம்.

வெட்டிய ஏழு குடும்பங்களுக்கும் ஆளுக்கு நாலு ஏக்கர் வயலும், மேட்டில் குடியிருக்க ஒரு துண்டும் விட்டார்கள். விட்டார்கள் என்றால் கொடுத்தார்கள் என்று நினைக்கக்கூடாது. விதைநெல் எங்களது, மாடு எங்களது, முதுகு எங்களது. விளைவதில் பாதி அவர்களது, அதற்கு வாரம் என்று பெயர். நிலம் அவர்களுடையது என்பதால் இது நியாயம். நிலம் அவர்களுடையது என்று எப்படித் தெரியும் என்றால், விளைவதில் பாதி அவர்களுக்குப் போகிறதே.

அறுவடைக்குப் பெரிய ஐயா, அதாவது சின்ன ஐயாவின் தகப்பனார், காரில் வருவார். வரும்போது மடக்குக் கதிரை ஒன்றும் வரும். எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்தால் என்ன நடந்துவிடுமோ, அந்த இரகசியம் அவரோடேயே போய்விட்டது. மருதமரத்துக்குக் கீழே கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, சூடு அடிப்பதையும் தூற்றுவதையும் பார்த்துக் களைத்துப்போவார். நெல் குவிந்ததும் அப்பா அளப்பார். முதல் அளவை ‘ஒன்று’ என்று சொல்லும் வழக்கமில்லை, ‘லாபம்’ என்றுதான் சொல்வது. லாபம், இரண்டு, மூன்று என்று அப்பா உரக்க எண்ணி ஐயாவின் சாக்குகளில் கொட்டுவார். எங்கள் பங்கை யாரும் எண்ணியதில்லை. மிஞ்சிக் கிடப்பது எங்களுடையது, அதை எதற்கு எண்ணுவது?

போகும்போது பெரிய ஐயா என்னைக் கூப்பிட்டு, படிக்கிறாயா என்று கேட்பார். நான் வாயைத் திறப்பதற்குள் கார்க் கதவு சாத்தப்பட்டுவிடும். அப்பா கார் மறையும்வரை தோளில் இருந்த துவாயை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார். எனக்கு அப்போது பதினைந்து வயது. என் அப்பாவுக்கு முதுகெலும்பு என்று ஒன்று இல்லை என்பதை அந்த வயதிலேயே கண்டுபிடித்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் அந்தக் கண்டுபிடிப்பை உறுதிப்படுத்தியதுதான். பரீட்சை எழுதினேன், தபாலகத்தில் வேலை எடுத்தேன், யார் கேட்டாலும் என் அப்பா கமக்காரர் என்று சொன்னேன். யாருடைய கமம் என்று கேட்டவர்களோடு நான் பிறகு கதைக்கவில்லை.

பெரிய ஐயா குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போனார். அப்பா மாத்திரம் வாரத்தை நிறுத்தவில்லை. ஒவ்வொரு போகமும் பாதியை யாழ்ப்பாணத்து வீட்டில் இருந்த அவர்களுடைய சொந்தக்காரருக்கு லொறியில் ஏற்றி அனுப்பினார். தைப்பூசத்துக்குப் புதிர் எடுக்க, அதாவது புது நெல்லில் முதல் சோறு ஆக்கிப் படைக்கவென்று மொட்டைக்கறுப்பன் அரிசி வேறாகக் குத்தி, வேறாகப் பொட்டலம் கட்டி அனுப்புவார். சண்டையில் பாதை மூடியிருந்த காலத்தில் ஐயாவின் பங்கைச் சாக்கில் கட்டி ஒரு மூலையில் அடுக்கி வைத்தார். நாங்கள் கஞ்சி குடித்தபடி அந்த மூடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எலிகள் மட்டும் யாருடைய பங்கென்று விசாரிக்காமல் சாப்பிட்டன.

பிறகு எல்லாரையும் போல நாங்களும் இடம்பெயர்ந்தோம். போகும்போது நாலு பேர். திரும்பி வந்தபோது அப்பாவும் நானும். ஏழு குடும்பத்தில் மற்ற ஆறும் திரும்பவில்லை. சிலர் வேறு இடங்களில் இருக்கிறார்கள், சிலர் எங்கும் இல்லை. வந்து மூன்றாம் நாள், எப்படியோ எங்கள் இலக்கத்தைக் கண்டுபிடித்துக் கனடாவிலிருந்து பெரிய ஐயா போன் எடுத்தார். எத்தனை தென்னை நிற்கிறது என்று முதலில் கேட்டார். அறுபதில் பதினொன்று நிற்கிறது என்றார் அப்பா. அடடா என்றாராம். பிறகு, நீங்கள் எல்லாரும் சுகமா என்று கேட்டாராம். அம்மாவும் தம்பியும் இல்லை என்று அப்பா சொன்னார். அதற்கும் அடடாதான்.

அடுத்த போகத்துக்கே அப்பா கடன்பட்டு விதைத்தார். விளைந்ததில் பாதியைப் பிரித்து வைத்தார். நான் அவரோடு போட்ட சண்டை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்வரை கேட்டிருக்கும். அவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

பெரிய ஐயா போன வருடம் கனடாவில் காலமானார். அதற்குப் பிறகுதான் சின்ன ஐயா வந்தார். அறுபது வயதிலும் அவர் சின்ன ஐயாதான். தலையில் தொப்பி, கையில் தண்ணீர்ப் போத்தல், மற்றக் கையில் போன். எங்கள் கிணற்றையும் மாமரத்தையும் மாட்டையும் கனடாவில் இருந்த மனைவிக்குக் காட்டினார். மாட்டுக்குப் பிறகு அப்பாவைக் காட்டினார். அப்பாவைக் கட்டிப்பிடித்துக் கண்ணீர் விட்டார். நாங்கள் எல்லாரும் ஒரே குடும்பம் என்றார். அந்தக் குடும்பத்துக்குத் தெரியாமல், காணியை வாங்க ஒருவர் கொழும்பிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். அவருக்குக் காணி பிடித்துவிட்டதாம். ஆட்கள் இல்லாத காணியாக வேண்டுமாம். அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் நாங்கள் குடும்பத்திலிருந்து அத்துமீறலுக்கு உயர்ந்துவிட்டோம்.

அப்பா அந்தக் கடிதத்தை நம்பவில்லை. சின்ன ஐயாவுக்குத் தெரியாமல் யாரோ எழுதிவிட்டார்கள் என்றார். நான் சின்ன ஐயாவுக்குப் போன் எடுத்துக் கொடுத்தேன். அது அடித்து அடித்து ஓய்ந்தது. வேலையாக இருப்பார் என்றார் அப்பா. அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. எழுபத்தெட்டு வயதில், கண்ணும் தெரியாமல், இந்த மனிதரை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? இந்த முற்றத்தில் கிணற்றுக்கு எத்தனை அடி, வரம்புக்கு எத்தனை அடி என்று அவருக்குக் காலால் தெரியும். வேறொரு வீட்டில் அவர் முழுக் குருடர். எனக்கு அந்தப் பயம்தான். மற்றக் கோபமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கமநல அலுவலகத்துக்குப் போய் ஒரு முறைப்பாட்டுப் படிவம் வாங்கினேன். ‘எந்த உரித்தின் பேரில் காணியில் இருக்கிறீர்கள்’ என்று ஒரு கூடு இருந்தது. இருந்த கோபத்தில் ‘உரிமையாளர்’ என்று பெரிதாக எழுதினேன். காட்டை வெட்டியவர் யார், இரண்டு விரல் யாருடையது என்றும் பக்கத்தில் குறிப்பிட்டேன். படிவத்தை வாங்கிய விசாரணை அலுவலர் முப்பது வயது மதிக்கத்தக்க பெண். நெளுக்குளத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். விரல் விடயத்தை ஆறுதலாக வாசித்துவிட்டு, படிவத்தைத் திருப்பித் தந்தார்.

“உரிமையாளர் எண்டு எழுதினா காணி உறுதி கேப்பினம் அக்கா. உறுதி இல்லையெண்டா அவை சொல்லுற மாதிரி அத்துமீறல்தான். வாரத்துக்குச் செய்தனீங்கள் எண்டா அது வேற. வாரம் குடுத்து வயல் செய்யிற ஆளை, காணி எத்தினை கை மாறினாலும் எழுப்ப ஏலாது. பழைய பதிவு இடாப்புகளில அவையை வாரக்குடி எண்டு எழுதியிருக்கும்.”

வாரக்குடி. அந்தச் சொல்லை நான் அதற்கு முன்னர் ஒரே ஒரு இடத்தில்தான் பார்த்திருந்தேன். பார்த்த அன்றைக்கு அதை எரிக்கப் போனேன்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளுக்கு ஒரு புத்தகம் அடித்துக் கொடுப்பார்கள். கல்வெட்டு என்பார்கள். இறந்தவரின் படம், தேவாரம், திருவாசகம், பிறகு அவர் எவ்வளவு பெரிய மனிதர் என்பதைப் பற்றிப் பாட்டுகள். உயிரோடு இருந்தபோது யாரும் கவனிக்காத குணங்களெல்லாம் அதில் எதுகை மோனையோடு வெளிவரும். பெரிய ஐயாவுக்குக் கனடாவில் அடித்த கல்வெட்டு வழுவழுத்த தாளில் நூறு பக்கம். ஒரு பிரதி எங்களுக்கும் தபாலில் வந்தது. அதற்கும் நான்தான் முத்திரை குத்தினேன்.

அதில் ஒரு பக்கம் முழுக்கக் கமத்துப் படம். பெரிய ஐயா, கறுத்த தலைமுடியோடு, மடக்குக் கதிரையில். பின்னால் நெல் மூடைகள். மூடைகளுக்குப் பக்கத்தில், துவாயை இடுப்பில் கட்டியபடி, என் அப்பா. கீழே எழுதியிருந்தது: ‘வன்னிக் கமத்தில், வாரக்குடி ஒருவருடன்.’ ஒருவருடன். பெயர் இல்லை. அடுத்த பக்கத்தில் அவர்களுடைய நாயின் படம் இருந்தது. நாய்க்குப் பெயர் போட்டிருந்தார்கள்.

அப்பாவின் விரலைப் படத்தில் வைத்து விளங்கப்படுத்தினேன். அவருக்குச் சந்தோஷம். தன் படம் கனடாவரை போய் வந்திருக்கிறதே. நான் அதைப் பறித்துக்கொண்டு குசினிக்குள் போனேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அப்பா பின்னால் தடவித் தடவி வந்து, செத்த மனிதரின் புத்தகத்தை அடுப்பில் போடாதே என்றார். கையை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றார். கொடுத்துவிட்டேன். அதை மண்ணிறத் தாளில் உறை போடுவித்து, அலுமாரியில் வேட்டிகளுக்கு மேலே வைத்துக்கொண்டார். ஒரு மாதம் நான் அந்த அலுமாரியைத் திறக்கவேயில்லை.

இப்போது, இத்தனை வருடமாக என் பெயரிலிருந்து சுரண்டிக்கொண்டிருந்த அந்த அடையாளத்தைத்தான் நான் தேடிப் பிடிக்க வேண்டும் என்று ஒரு சின்னப் பெண் மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து சொல்கிறாள். வேறு சாட்சி ஏதும் இருக்கிறதா என்றும் கேட்டாள். வாரம் கொடுத்ததற்குப் பற்றுத்துண்டு? ஐயாமாரிடம் துண்டு கேட்பதா, அப்பா உயிரை விட்டிருப்பார். பக்கத்துக் குடிகள்? ஆறு குடும்பமும் இல்லை. மிச்சமிருந்த கடதாசிகள் இடப்பெயர்வில் எங்கோ ஒரு பதுங்குகுழியில் கிடக்கின்றன. ஷெல் விழும்போது கோப்பை எடுக்காமல் காயப்பட்ட தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடியது எங்கள் பிழைதான்.

படிவத்தில் உரிமையாளர் என்பதை வெட்டினேன். வெட்டிய இடத்துக்கு மேலே ‘வாரக்குடி’ என்று எழுதினேன். என் எழுத்து அழகானது என்று தபாலகத்தில் எல்லாரும் சொல்வார்கள். அந்தச் சொல் மட்டும் கோழி கிளறியது போல வந்தது.

விசாரணைக்கு அப்பா காலை ஐந்து மணிக்கே தோய்ந்து வேட்டி கட்டிக்கொண்டு நின்றார். கோவிலுக்குப் போவது போலத் திருநீறு. என்ன சொல்ல வேண்டும் என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொடுத்திருந்தேன். வாரத்துக்குச் செய்தோம், சண்டைக்கு முதலே இருந்தோம், இவ்வளவுதான். அப்பா எல்லாவற்றுக்கும் ஓம் என்றார். ஐயாமார் எது சொன்னாலும் ஓம் என்று பழகிய வாய், அதை நம்பித்தான் நான் வழக்குப் பேசப் போனேன்.

அலுவலகத்தில் ஒரு மேசை, இந்தப் பக்கம் மூன்று கதிரை, அந்தப் பக்கம் மூன்று கதிரை. சின்ன ஐயா சட்டத்தரணியோடு வந்து இருந்தார். அப்பா இருக்கவில்லை. இருங்கோ என்று அலுவலர் இரண்டு தடவை சொன்னார். பரவாயில்லை என்று சுவரோடு நின்றார். சின்ன ஐயா நிற்கும் மனிதரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, “என்ன பிள்ளை, வீட்டுக்குள்ள கதைச்சிருக்கலாமே” என்றார். முப்பது நாளில் இல்லாமல் போகப்போகிற வீட்டுக்குள்.

அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தங்கள் குடும்பம் நாட்டை விட்டுப் போனபோது கமம் வெறுமையாகத்தான் கிடந்தது. சண்டை முடிந்த பிறகு இவர்கள் வந்து ஒரு கொட்டிலைப் போட்டார்கள். பாவம் என்று பேசாமல் விட்டோம், அந்த இரக்கம்தான் இன்றைக்கு இவ்வளவு பிரச்சினை. சொல்லும்போது கண் கலங்கினார். அவருக்குக் கண் இலேசில் கலங்கும்.

அலுவலர் என்னைப் பார்த்தார். நான் பையிலிருந்து மண்ணிறத் தாள் உறை போட்ட புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தேன். சட்டத்தரணிக்கு அது என்னவென்று விளங்கவில்லை. சின்ன ஐயாவுக்கு உறையைப் பிரித்ததும் விளங்கியது. ஆவணத்தைக் கொண்டுவந்தவர்தான் வாசிக்க வேண்டும் என்றார் அலுவலர். ஆகவே நான் வாசித்தேன். எரிக்கப் போன புத்தகத்தை எழுந்து நின்று, எல்லாருக்கும் கேட்க, இழுத்து வாசித்தேன்.

ஐம்பது ஏக்கரிலே பொன்விளையச் செய்தவனே,
அண்டிநின்ற வாரக்குடி அத்தனையும் வாழவைத்தாய்,
எந்தையே உனைப்போல இனியாரைக் காண்போமோ.

இயற்றியவர் மகன் என்று கீழே போட்டிருந்தது. அதையும் வாசித்தேன். பிறகு படத்தைத் திருப்பிக் காட்டி, அதன் கீழே இருந்த வரியையும் வாசித்தேன். அலுவலர் படத்தில் இருந்த முகத்தையும் சுவரோடு நின்ற முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தில் உங்கள் அப்பாவின் தலைமுடி கறுப்பாக இருக்கிறதே, இது அவர் வெளிநாடு போவதற்கு முந்திய படம்தானே என்று சின்ன ஐயாவிடம் கேட்டார். சட்டத்தரணி மேலே சுழன்ற காற்றாடியைக் கவனிக்கத் தொடங்கினார்.

சின்ன ஐயா சிரித்தார். “தங்கச்சி, இது செத்தவீட்டுக் கல்வெட்டு. கல்வெட்டில ஆரும் உண்மை எழுதுவினமே? இதெல்லாம் ஒரு சோடனை. அப்பாவுக்கு அப்பிடி ஒரு வாரக்குடியும் இருக்கேல்லை. படத்தில நிக்கிறது ஆரோ கூலியாள்.”

அந்தச் சிரிப்பில் எனக்கு வந்த கோபத்துக்கு நான் ஏதாவது சொல்லியிருப்பேன். சொல்லியிருந்தால் கெடுத்திருப்பேன். ஆனால் சுவரோடு நின்றவர் முன்னுக்கு வந்தார். கையால் மேசையின் விளிம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டார். நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றையும் அவர் சொல்லவில்லை.

“பெரிய ஐயாவைப் பொய்யாக்காதேங்கோ” என்றார். “அவருக்குக் குடி இருந்தது. நான்தான் அது. ஆனா அந்தப் பாட்டில ஒண்டு பிழை. அவர் எங்களை வாழவைக்கேல்லை. என்ர அப்பர் அளந்து குடுத்தவர், பிறகு நான் அளந்து குடுத்தனான். பாதி. ஒரு போகமும் தப்பேல்லை. நீங்கள் சின்னனில புதிருக்குச் சாப்பிட்டதும் என்ர கை அரிசிதான். நாங்கள்தான் உங்களை வாழவைச்சனாங்கள்.”

உரத்துச் சொல்லவில்லை. நெல் அளக்கும்போது எண்ணுவாரே, அதைவிடக் குறைந்த சத்தம். சின்ன ஐயாவின் முகத்தை நான் பார்க்க விரும்பினேன், ஆனால் என்னால் அப்பாவை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. எழுபத்தெட்டு வருடமாக எனக்குத் தெரியாமல் இந்த மனிதர் எங்கே இருந்தார் என்றுதான் நினைத்தேன். ஐம்பது வருடம் என்று திருத்திக்கொள்கிறேன், எனக்கு ஐம்பதுதான்.

அலுவலர் பேனையை எடுத்தார். புதிருக்கு அரிசி யாழ்ப்பாணத்து வீட்டுக்கு வந்ததா என்று சின்ன ஐயாவிடம் கேட்டார். அவர் சட்டத்தரணியைப் பார்த்தார். சட்டத்தரணி காற்றாடியைப் பார்த்தார். “அரிசி வாறது” என்றார் சின்ன ஐயா. எங்கேயிருந்து வந்தது? “கமத்தில இருந்து.” யார் அனுப்பியது? தலையை மட்டும் அப்பா நின்ற பக்கம் அசைத்தார். அந்த அசைவையும் அலுவலர் எழுத்தில் பதிந்துகொண்டார்.

வயலும் வயலோடு சேர்ந்த குடியிருப்பும் அப்பாவின் பெயரில் செய்கையாளர் இடாப்பில் பதியப்படும், வாரம் கொடுக்கும்வரை அவரை யாரும் எழுப்ப முடியாது, காணியை விற்பதென்றால் அவரோடு சேர்த்துத்தான் விற்கலாம் என்றார். கொழும்புக்காரருக்கு இது பிடிக்காது என்று எனக்கு உடனே தெரிந்தது. இடாப்பில் கையொப்பம் வைக்க அப்பாவின் கையைப் பிடித்து இடத்தைக் காட்டினேன். அங்கே ஒருவர் என்று போடவில்லை. முழுப் பெயரும், தகப்பன் பெயரும் போட்டிருந்தது.

வெளியே சின்ன ஐயா எங்களைக் கடந்து, வாடகைக்குப் பிடித்த வானில் ஏறினார். கட்டிப்பிடிக்கவில்லை. அப்பா வான் போன சத்தம் அடங்கும்வரை நின்றார். பிறகு பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

பஸ்ஸில் அப்பாவுக்கு யன்னல் பக்கத்து இருக்கை கிடைத்தது. பரந்தன் சந்தி தாண்டியது. பிறகு என் பக்கம் திரும்பி, “நான் கூடக் கதைச்சுப்போட்டனோ பிள்ளை?” என்று கேட்டார். குரலில் உண்மையாகவே பயம் இருந்தது.

“கூட இல்லையப்பா, பிந்தித்தான் கதைச்சனீங்கள்” என்றேன். எனக்கு அழுகையும் வந்தது, பழைய கோபமும் வந்தது. “மனசில இவ்வளவையும் வைச்சுக்கொண்டு இத்தினை வருசமா ஏன் வாய் திறக்கேல்லை?”

அவர் குற்றம் சொல்லும் ஆள் இல்லை. தெரியாத ஒன்றை விசாரிப்பது போலத்தான் கேட்டார்.

“என்னட்ட ஆர் பிள்ளை கேட்டவை?”

ஐயாமார் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.